புளூட்டோவுக்கு நவக்கிரகச் சான்றிதழ் எதற்கு?



இந்த வாரமும் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்துவிட்டது. புளூட்டோ கிரகம் இல்லை என்று வெள்ளைக்காரன் 2006இல்தான் கண்டுகொண்டானாம். நம் முன்னோர் அதை நவக்கிரகத்தில் சேர்க்கவே இல்லையாம். கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். அனுப்புகிறவர்கள் என்னைப் போல ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நவக்கிரகப் பட்டியலைப் பார்ப்போம். சூரியன் உண்டு, அது விண்மீன். சந்திரன் உண்டு, அது துணைக்கோள். ராகுவும் கேதுவும் சந்திரன் பாதை சூரியன் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். யுரேனஸ், நெப்டியூன் இல்லை. நாம் நிற்கிற பூமியே இல்லை. புளூட்டோ இல்லாதது முன்னறிவு என்றால், பூமி இல்லாததற்கு என்ன பெயர்?

அது வேறு வேலைக்குப் போட்ட பட்டியல். வெறும் கண்ணால் பார்த்தே கிரகணத்தைக் கணித்தார்களே, அந்தப் பெருமை போதாதா? குன்றத்தூர் வடநாகேஸ்வரத்தில் ராகுவுக்கு விளக்கேற்றுகிறவர் தாராளமாக ஏற்றட்டும். அந்த நம்பிக்கைக்குப் பிராகா நகரத்து ஓட்டெடுப்பின் சான்றிதழ் தேவையில்லை.

நடந்தது இதுதான். 1930இல் டோம்பா புளூட்டோவைக் கண்டபோது பூமியளவு இருக்கும் என்று நினைத்தார்கள். அளக்க அளக்கச் சிறுத்தது. இன்று அதன் விட்டம் சுமார் 2,377 கி.மீ.; நம் நிலாவைவிடச் சிறியது. 1992 முதல் நெப்டியூனுக்கு அப்பால் பனியுருண்டைகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் புளூட்டோவைவிட எடை கூடியது. இதைச் சேர்ப்பதா, அதை மாற்றுவதா? 2006 ஆகஸ்ட் 24இல் விதி எழுதினார்கள்: தன் பாதையில் தானே ஆதிக்கம் செலுத்தாதது குறுங்கோள். 1801இல் கண்ட சீரிஸும் சில பத்தாண்டுகள் கிரகமாக இருந்து பட்டியல் மாறியதுதான். இதில் அவமானமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். நெப்டியூன் இருக்குமிடத்தை 1846இல் கணக்குப் போட்டே சொன்ன லெ வெரியே பிரெஞ்சுக்காரர்களின் பெருமை. அதே மனிதர் புதனுக்கு உட்புறம் வல்கன் என்றொரு கிரகம் உண்டு என்றார். தேடினார்கள், இல்லை. புதனின் பாதை விலகலுக்கு 1915இல் ஐன்ஸ்டீன் வேறு விளக்கம் தந்தார். எங்கள் பாடப்புத்தகத்தில் வல்கனுக்கு இடமில்லை. லெ வெரியேயின் மதிப்பும் குறையவில்லை.

பெருமைப்பட வேண்டுமானால் நம்மிடம் சரக்கு இல்லாமலா? ஜவ்வாது மலைக் காவலூரில் 1977 மார்ச் 10இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நேரத்தைக் கவனித்து, விண்மீன் ஒளி இடையில் மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரிந்தது அந்த நிகழ்ச்சியில்தான். 1988இல் அங்கேயே ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். அதன் பெயர் ராமானுஜன். இதை யாராவது ஃபார்வர்டு செய்தீர்களா?

ஒரகடம் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் ஒரு உதிரிபாகத்தையும் வெளியே விடுவதில்லை. அவர்கள் ஷிப்டுக்குப் போனபின் பேரக்குழந்தை கேள்வி கேட்பது நம்மிடம். எல்லாம் அன்றே தெரியும் என்று நாம் சொல்லிவிட்டால், அது அடுத்த கேள்வியைக் கேட்காது. அந்த நஷ்டம் புளூட்டோவுக்கு இல்லை, நமக்குத்தான்.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் அனுப்பாதீர்கள். அழித்துவிடுங்கள்.