கார் ஆக்சிலை வீட்டிலேயே மாற்றலாமா?



ஆம்பூரில் உள்ள எங்கள் வீட்டுக் கார் சில ஆண்டுகளுக்கு முன், தெருமுனையில் திரும்பும் போதெல்லாம் ‘டக், டக்’ என்று ஒலி எழுப்பத் தொடங்கியது. நானோ, பழைய வண்டிதானே என்று இரண்டு மாதங்கள் வாளாவிருந்துவிட்டேன். முடிவில், ஒரு ரப்பர் உறையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, ஆக்சிலையே மாற்றும் செலவாக வளர்ந்து நின்றது.

முன்பு நம் வீடுகளில் நின்ற அம்பாசடர், பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டி. 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800 முன்சக்கர இயக்கம் உடையது. இன்றைய சிறு கார்களுள் பெரும்பாலானவையும் அவ்வகையினவே. இவற்றில் முன்சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே ஆக்சிலின் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் இணைப்புகள் உண்டு. அவற்றின் உள்ளே கிரீஸ் நிறைந்திருக்கும். அதனைக் காப்பது மடிப்பு மடிப்பான ரப்பர் உறை.

தோல் தொழிலில் பழகிய நமக்கு இதை விளக்குவது எளிது. பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டாவிட்டால் அது விறைத்து வெடித்துவிடும் அல்லவா? உறை கிழிந்தால் கிரீஸ் சிதறிப்போகும். மணலும் நீரும் உட்புகும். இணைப்பு தேய்ந்து அழியும். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருப்பது முதல் அறிகுறி. திரும்பும்போது எழும் ஒலி, வெளி இணைப்பு தேய்ந்துவிட்டதன் அடையாளம். வேகமெடுக்கையில் வண்டி அதிர்ந்தால், உள் இணைப்பையும் சோதிக்க வேண்டும்.

இனி மாற்றும் முறையைக் காண்போம். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, ஆக்சில் நட்டைத் தளர்த்த வேண்டும். பின்சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, வண்டியை உயர்த்தி, ஸ்டாண்டின்மீது நிறுத்திய பின்னரே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கியர் ஆயிலை வடித்துவிட்டு, கீழ்க்கையின் பால் ஜாயின்டைப் பிரித்து, சக்கர மையத்தை வெளியே இழுத்தால் ஆக்சிலின் வெளிமுனை விடுபடும். அப்போது பிரேக் குழாயை இழுத்துவிடலாகாது. ஆக்சிலின் மரையைச் சுத்தியலால் அடிக்கவும் கூடாது. பின்னர் உள்முனையைக் கியர் பெட்டியிலிருந்து நெம்பி எடுக்கலாம். புதிய ஆக்சிலைப் பொருத்தும்போது ஆயில் சீலையும் நட்டையும் புதிதாக இடுவதே நன்று. உள்முனை முழுமையாகப் பொருந்தியதா என்று பார்த்து, கியர் ஆயிலை நிரப்பி, வண்டியைத் தரையில் இறக்கியபின், கம்பெனிக் கையேடு கூறும் அளவுக்கு நட்டை முறுக்கிப் பூட்ட வேண்டும்.

படிக்கையில் எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் உயிராபத்தும் உண்டு. அன்று என் தம்பி மகன் ஜாக்கி ஒன்றையே நம்பிக் காரின் அடியில் படுத்துவிட்டான். மழையில் நனைந்த மண் தரை. அதைக் கண்ட என் மனைவி, “முதலில் வெளியே வா!” என்று அதட்டினார். அவன் முணுமுணுத்தபடி எழுந்து வந்து, தேநீரைக் கையில் எடுத்தான். அதற்குள் ஜாக்கி மண்ணில் புதைந்து, வண்டி ஒருபக்கமாகச் சரிந்தது. இறையருளால் எவருக்கும் காயமில்லை. மிச்சப்பட இருந்த கூலியை எண்ணி மகிழ்ந்திருந்த எனக்கு, அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஆகவே, உறுதியான சிமெண்டுத் தரையும், இரண்டு ஸ்டாண்டுகளும், அளந்து முறுக்கும் ஸ்பேனரும், அனுபவமுள்ள ஒருவரின் துணையும் இருந்தால் மட்டுமே வீட்டில் முயலுங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பட்டறைக்கு அனுப்புவதே அறிவுடைமை. ஆனால் மாதம் ஒருமுறை குனிந்து அந்த ரப்பர் உறையைப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அதை இன்றே செய்யுங்கள்.