கடைசிப் பெஞ்சில் அமர்வார் யார்?

ஆசிரியராக விழைவோரை எவ்வாறு அளப்பது என்னும் வினாவை நம் நாட்டில் எவரும் கேட்பதில்லை. மூன்று மணி நேரம், ஒரு வினாத்தாள், ஒரு விடைத்தாள் என்று நெடுநாள்களுக்கு முன்னரே முடிவு கட்டிவிட்டோம். மேட்டூரில் வளர்ந்து, இங்கே பி.எட். படிப்பில் நல்ல மதிப்பெண்ணும் பெற்று, இப்போது இங்கிலாந்தில் மீண்டும் ஆசிரியப் பயிற்சி பெறும் நம் பகுதி இளம்பெண் ஒருவர் எழுதிய மடல், அம்முடிவைக் கிளறிப் பார்க்க நம்மைத் தூண்டிற்று.

சென்றவுடன் அவர் தேடியது தேர்வு அட்டவணையையாம். அப்படியொன்று இல்லை. கட்டுரைகள் உண்டு, ஆனால் ஆசிரியத் தகுதியைத் தீர்மானிப்பது பள்ளியில் கழிக்கும் 120 நாள்களே. 2012 முதல் நடப்பிலுள்ள எட்டுத் தரநிலைகளின்படி, வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் வகுப்பின் பின்னால் அமர்ந்து பார்க்கிறார், எழுதுகிறார், பிறகு பேசுகிறார். முதல் பாடம் முடிந்ததும் அவர் கேட்டாராம்: “உங்கள் கேள்விகளுக்கு முன்வரிசையிலுள்ள நால்வரே விடை சொன்னார்கள். சாளரத்தருகே இருந்த சிறுவன் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. கவனித்தீர்களா?” பி.எட். படித்த காலம் முழுவதிலும் இக்கேள்வியைத் தம்மிடம் ஒருவரும் கேட்டதில்லை என்று அப்பெண் எழுதுகிறார். அன்றிரவு உறக்கம் வரவில்லையாம்.

அங்கே வசதி மிகுதி, இங்கே அது நடவாது என்று உடனே சிலர் சொல்லக்கூடும். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, 20 வாரப் பள்ளிப் பயிற்சியை விதித்தன. நாள் கணக்கில் நாம் பெரிதும் பின்தங்கவில்லை! அந்த நாள்களில் நடப்பதென்ன? விடுப்பில் சென்ற ஆசிரியரின் வகுப்பை அமைதியாக வைத்திருக்கப் பயிற்சி மாணவர் அனுப்பப்படுகிறார். ரெக்கார்டு நோட்டைக் கூலிக்கு எழுதித் தருவோர் உண்டு. சார்ட் கடையில் கிடைக்கும். செய்முறைத் தேர்வன்று புறத்தேர்வாளர் சில நிமிடங்கள் நின்று கேட்டுவிட்டு, அடுத்த வகுப்பிற்கு விரைகிறார். குருக்களும் கன்னியரும் நடத்தும் கல்லூரிகளில் இவை அறவே இல்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இதற்குமேல் தகுதித் தேர்வு. 150 வினாக்கள், பொதுப்பிரிவினர் 90 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. 2012 சூலையில் தமிழகத்தில் முதன்முறை நடந்தபோது ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. நேரம் போதவில்லை என்ற முறையீடு எழவே, அக்டோபரில் மறுதேர்வு நடத்தி, ஒன்றரை மணியை மூன்று மணியாக்கினார்கள். தேறியோர் தொகை பன்மடங்காயிற்று. மூன்றே மாதங்களில் இவர்கள் நல்லாசிரியர்களாகிவிட்டார்களா? அல்லது சூலையில் அளக்கப்பட்டது வேறெதுவுமா? இக்கணக்கை எவரும் நமக்கு விளக்கவில்லை.

மேட்டூர்க்காரர்களுக்கு அளவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1934இல் அணை எழுந்தது முதல் நாள்தோறும் நீர்மட்டம் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 120 அடி நிரம்பினால் மகிழ்கிறோம். ஆயினும் நாகைப் பக்கத்துக் கடைமடை உழவர் தம் வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்றுதான் பார்ப்பார். அவ்வயலை அணைக்கட்டில் நின்று அளக்க இயலாது.

இங்கிலாந்தைக் கோவிலாக்கிக் கும்பிடவும் நாம் சொல்லவில்லை. குழந்தைகளின் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்ற கொடிய முறையை 1862இல் புகுத்திய நாடு அதுவே. சென்னை மாகாணமும் அதைச் சில காலம் சுமந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் அவர்கள் அதைக் கைவிட்டனர். பயிற்சி ஆசிரியர்களுக்கென வைத்திருந்த மொழி, கணக்குத் திறன் தேர்வுகளையும் 2020இல் நிறுத்திவிட்டனர். சான்றுக் கோப்புகளை நிரப்பியே கை ஓய்கிறது என்று நம் பெண்ணும் குறைப்படுகிறார். தவறிய முறையைக் கைவிடும் துணிவேனும் அவர்களிடம் உண்டு.

2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேலுள்ள பணி ஆசிரியர்களும் ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய வினா பெரிய அமர்வின் பார்வைக்கு விடப்பட்டது. நம்மவர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். அப்பெருமூச்சுதான் நமக்குக் கவலை தருகிறது. அந்தத் தேர்வு வேண்டாமெனில், அதனினும் நேர்மையான சோதனை ஒன்று நம் பள்ளிகளில் இருக்க வேண்டுமல்லவா? விதிவிலக்கை மட்டும் பெற்றுக்கொண்டு சோதனையே இல்லாமல் இருப்பதற்கா அரசியல் சட்டம் 30ஆம் பிரிவைத் தந்தது?

நம் தாளாளர்கள் வரும் கல்வியாண்டிலேயே ஒன்று செய்யலாம். பயிற்சி மாணவர் பாடம் நடத்தும் வகுப்பில், மூத்த ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு பாடவேளை முழுவதும் கடைசிப் பெஞ்சில் அமரட்டும். பிறகு அரைமணி நேரம் அவரோடு பேசட்டும். இதற்கு அரசாணை வேண்டா. பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டா. மூத்த ஆசிரியருக்கு நேரமில்லை என்ற மறுமொழி வருமென அறிவோம். அவருடைய நேரத்தைப் பதிவேடுகளாலும் விழா ஏற்பாடுகளாலும் நிரப்பியவர் யார் என்பதையும் அந்தத் தாளாளர்களே சொல்லட்டும்.