குற்றத்துக்கு ருஜு பிறப்பா?

சுருளிப்பட்டி போன்ற ஊர்களில் ஒரு நகை காணாமற்போனால் ஒருவர் மைபோட்டுப் பார்க்கச் சொல்லுவார். மற்றொருவர், “இன்ன ஜாதியான்தான் எடுத்திருப்பான்” என்பார். முன்னவரைக் கண்டு சிரிக்கும் நாம் பின்னவரைக் கண்டு ஏன் சிரிப்பதில்லை?

இந்த மூடத்தனத்தையே வெள்ளைக்கார சர்க்கார் சட்டமாக்கிற்று. 1871-ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. யாதொரு குற்றமும் செய்யாதவன்கூட, பிறந்த ஜாதிக்காகக் கைரேகை வைக்க வேண்டுமாம்! மறுத்து நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களைப் போலீசார் 1920 ஏப்ரல் 3-ல் சுட்டார்கள். மாயக்காள் என்னும் பெண் உள்பட 16 பேர் மாண்டார்கள். மனுதர்மத்துக்கும் இதற்கும் என்ன பேதம்?

1947-ல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. அந்தப் புத்தி ஒழிந்ததா? 2025 ஜூனில் திருப்புவனத்தில், நகை காணோமென்ற புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் போலீசார் பிடியில் உயிரிழந்தார். போலீசார் ஐவர் கைதானார்கள்.

போலீசாரிடம் சொன்ன ஒப்புதல் ருஜுவாகாதென்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டமே சொல்லிற்று. 2024-ல் அமலுக்கு வந்த புதுச்சட்டமும் அதையே சொல்லுகிறது. பிறகு அடிப்பானேன்? இங்கிலாந்திலோ, 1984-ல் செய்த சட்டத்தின்படி ஸ்டேஷன் விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் முறை ஏற்பட்டது.

ஆகவே தோழர்களே, யார்மீதேனும் பழி விழுந்தால் ஜாதியைக் கேளாதீர்கள். ருஜு எங்கே என்று கேளுங்கள். கேட்கத் துணிவதே சுயமரியாதை.