வணிக வகைகள்: மனனம் செய்யவா, வாழவா?

க.பொ.த. சாதாரண தரத்தில் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் என்ற பாடத்தைக் கற்கும் மாணவர் ஒருவரிடம் வணிகத்தின் வகைகள் எவை என்று கேட்டுப் பாருங்கள். தனிவியாபாரம், பங்குடைமை, வரையறுக்கப்பட்ட கம்பனி, கூட்டுறவுச் சங்கம், அரச கூட்டுத்தாபனம் என்று தடங்கலின்றிச் சொல்லுவார். ஒவ்வொன்றினதும் நன்மை தீமைகளும் அவரது அப்பியாசக் கொப்பியில் வரிசையாக இருக்கும். ஆனால், தகப்பன் பிடித்து வரும் மீன் இவற்றுள் எந்த வகை வணிகத்துக்கூடாகச் சந்தைக்குப் போகிறது என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பாடத்தைத் தெரிவு செய்யாத மாணவருக்கோ இச்சொற்களே அந்நியமானவை.

இதைச் சிறிய குறையென்று நாம் கருதவில்லை. எமது கிராமத்துப் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் பல்கலைக்கழகம் செல்வதில்லை. பாடசாலையை விட்டதும் கடலுக்கும் வயலுக்கும் கடைக்கும் தையலறைக்கும் போகிறார்கள். அங்கே அவர்கள் முன் நீட்டப்படும் தாள்களில் ஒப்பமிட வேண்டியிருக்கிறது. எதில் ஒப்பமிடுகிறோம் என்பதை அறிந்திருப்பதே அவர்களுக்குத் தேவையான வணிகக் கல்வி.

வணிக வகைகளை நான்கு கேள்விகளால் விளக்கிவிடலாம். இது யாருடையது? தீர்மானிப்பவர் யார்? இலாபம் யாருக்கு? நட்டம் வந்தால் யார் தலையில்? இக்கேள்விகளோடு கிராமத்தைச் சுற்றி வந்தால் பாடநூல் முழுவதும் கண்முன்னே நிற்கும்.

சந்திக் கடைக்காரர் தனிவியாபாரி. பிரதேச செயலகத்திற் பெயரைப் பதிந்து தொழில் நடத்துகிறார். இலாபம் முழுவதும் அவருடையது. கடன் மிஞ்சினால் வீடும் வளவுங்கூடப் பதில் சொல்லவேண்டும். இரு நண்பர்கள் பணம் போட்டுப் படகு இயந்திரம் வாங்கித் தொழில் செய்தால் அது பங்குடைமை. முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டால் அவ்வுடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. வாய்ச்சொல்லை நம்பித் தொடங்கிப் பிரிந்துபோன கூட்டாளிகளில் எத்தனை பேர் இதை அறிந்திருந்தார்கள்?

கம்பனி என்பது சட்டத்தின் முன் தனியோர் ஆள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரேயொரு பங்குதாரரும் கம்பனி அமைக்கலாம். அவரது பொறுப்பு அவர் இட்ட பங்குப் பணத்தளவே. ஆயினும் வங்கி கேட்கும் தனிப்பட்ட பிணையில் ஒப்பமிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

இந்த அறிவு இல்லாததன் விலையை எமது பெண்கள் செலுத்தியிருக்கிறார்கள். நுண்கடன் கம்பனிகள் வடக்குக் கிழக்கிலே கிராமந்தோறும் குழுக்களை அமைத்தன. கிழமைக்குக் கிழமை கூடியது பெண்களின் குழு. உடைமையும் இலாபமும் கம்பனிப் பங்குதாரருடையவை. ஒருத்தி கட்டத் தவறினாற் பிணை மட்டும் மற்றப் பெண்களுடையது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அக்கடன்களில் ஒரு பகுதியை அரசே பொறுப்பேற்கும் நிலை 2018 இல் ஏற்பட்டது. நான்கு கேள்விகளையும் பதினாறு வயதில் கேட்கப் பழகியிருந்தால், வட்டியை மட்டுமன்றி இந்த ஒழுங்கையுமே அவர்கள் விசாரித்திருப்பார்கள்.

கூட்டுறவுச் சங்கத்திலே உடைமை உறுப்பினருடையது. ஆளுக்கு ஒரு வாக்கு. இந்நாட்டில் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கிய இம்முறை எமது மண்ணுக்குப் புதியதன்று. மூளாயிலே மருத்துவமனையையே கூட்டுறவாக நடத்தினோம். கடற்றொழிலாளர் சங்கங்களும், பனந்தொழிலாளர் சங்கங்களும், சிக்கன கடனுதவிச் சங்கங்களும் எம்மிடையே உள்ளன. ஆனால் 1970களின் தொடக்கத்திற் சிறு சங்கங்கள் பெரிய பலநோக்குச் சங்கங்களாக இணைக்கப்பட்டபின், சங்கம் என்பது பங்கீட்டுக் கடை என்ற எண்ணமே பலரிடம் வேரூன்றியது. தன்னுடையது என்று உணராத உறுப்பினர் பொதுக்கூட்டத்துக்குப் போவதில்லை. அவர் போகாத கூட்டத்திலே வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள்.

வணிகத்தைக் கற்பிப்பது பிள்ளைகளுக்குப் பணத்தாசையைக் கற்பிப்பதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். பணத்தைப் பற்றிப் பேசாது விடுவதால் ஆசை குறைவதில்லை. ஏமாற்றப்படுவோர் தொகைதான் கூடுகிறது. கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்பது ஆண்டவர் சொன்ன உவமையன்றோ? பாப்பரசர் 23 ஆம் அருளப்பரும் 1961 இல் வெளியிட்ட 'மாத்தெர் எத் மஜிஸ்திரா' என்ற சுற்றுமடலில் விவசாயிகளினதும் கைவினைஞரதும் கூட்டுறவுகளை ஊக்குவித்தார்.

பாடசாலையில் இதைத் தொடங்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. ஸ்பெயினின் பாஸ்க் பிரதேசத்திலுள்ள மொன்ட்றகோனுக்கு 1941 இல் உதவிப் பங்குத்தந்தையாக வந்தவர் ஹோசே மரியா அரிஸ்மென்டியரியெட்டா அடிகளார். அவர் 1943 இல் இளைஞருக்கான தொழினுட்பப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தார். தொழிலோடு, தொழில் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதையும் கற்பித்தார். அவரது மாணவர் ஐவர் 1956 இல் மண்ணெண்ணெய் அடுப்புச் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினர். அதிலிருந்து தொழிலாளரே உடைமையாளரான பெரும் கூட்டுறவுக் குழுமம் வளர்ந்தது. அந்த முதற் பட்டறையின் வழிவந்த நிறுவனம் 2013 இல் வங்குரோத்தானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டுறவும் சந்தையில் தோற்கலாம். அப்போதும், வேலையிழந்த உறுப்பினர் பலரை ஏனைய கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன.

நாம் வேண்டுவது புதிய பாடநூலையன்று. தரம் 10 மாணவர் எப்பாடத்தைத் தெரிவு செய்திருந்தாலும், தவணைக்கு ஒரு நாள் வெளியே அழைத்துச் செல்லப்படட்டும். ஒருமுறை கடைக்கு, ஒருமுறை மீன் வாடிக்கு, ஒருமுறை கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு. முற்பணம் வாங்கியவர் யாருக்கு, என்ன விலைக்கு மீன் கொடுக்கிறார் என்பதை அவர்களே கேட்டு எழுதட்டும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையை ஆண்டுக்கு ஆண்டு ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவதற்கும் மாணவரும் பெற்றோரும் பங்கிட்டு நடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். பங்குகளிலுள்ள இளைஞர் மன்றங்களும் இதே பயிற்சியை மேற்கொள்ளலாம். சங்கத் தலைவர்களும் தங்கள் கணக்கேட்டை மாணவர் முன் திறந்து வைக்கத் துணிய வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளும் வியாபாரிகளாக வேண்டியதில்லை. ஆனால் உழைத்து வாழப்போகும் ஒவ்வொரு பிள்ளையும், தன் உழைப்பு எந்தக் கணக்கேட்டில் யார் பெயரில் எழுதப்படுகிறது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பாடசாலை விட்டுப் போகுமுன்னர் கற்பிப்பது ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் திருச்சபைக்கும் பொதுவான கடமையாகும்.