பட்டிப்பூவும் எலும்புப் புற்றும்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த கூனங்குப்பம், கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் ஒரு சிறுவன் கால் வலிக்கிறதென்றால், படகில் இடித்துக்கொண்டான் என்றோ வலை இழுத்ததில் சுளுக்கிக்கொண்டது என்றோ பெற்றோர் எண்ணுவது இயல்பே. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் பற்றுப் போடுவதும் உழைக்கும் குடிகள் யாவும் அறிந்த முறைகளே. பட்ட அடியின் வலி நாளுக்கு நாள் தணியும். இரவில் உறக்கத்தைக் கெடுத்து, கிழமைக்குக் கிழமை வீங்கி வளரும் வலியோ வேறு. அது எலும்புப் புற்றாகவும் இருக்கலாம். அதை உருவிவிடுவது பெருந்தீங்கு. காலத்தைக் கடத்துவது அதனினும் பெருந்தீங்கு.

எலும்புப் புற்றுக்குச் செடிகொடிகளில் மருந்து உண்டா? உண்டு. கடலோர மணலிலும் இடுகாட்டு ஓரங்களிலும் நீரூற்றுவாரின்றிப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவே அதற்குச் சான்று. மடகாசுக்கரிலிருந்து வந்த செடிதான் அது. எனினும் தமிழ் மக்கள் அதற்குப் பட்டிப்பூ, சுடுகாட்டுமல்லி, கல்லறைப்பூ எனத் தம் மொழியிலேயே பெயரிட்டு உறவாக்கிக் கொண்டனர். அப்பெயர்களை ஒதுக்கிவிட்டு 'நித்தியகலியாணி' என்னும் வடமொழிப் பெயரால் அதை வழங்குவோரே இன்று மிகுதி.

நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று இச்செடியை ஆய்ந்த கனடா நாட்டு அறிஞர்கள் நோபிளும் பீரும், அது குருதியின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். அவ்வழியே 1958-இல் வின்பிளாசுட்டின் என்னும் மருந்துப்பொருள் வெளிப்பட்டது. அதன் உடன்பிறப்பான வின்கிறிசுட்டின் 1963-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிறுவரையும் இளைஞரையும் தாக்கும் 'யூவிங்' வகை எலும்புப் புற்றுக்கு இன்றும் அது முதன்மை மருந்துகளுள் ஒன்று. இமயமலைச் செடியொன்றிலும் உள்ள பொருளிலிருந்து உருவாக்கிய எட்டோபோசைடும் அதற்குத் துணை நிற்கிறது. அறுவையும் கதிர் மருத்துவமும் மட்டுமே இருந்த நாளில் இந்நோயினின்று பிழைத்தோர் பத்தில் ஒருவரே. மருந்துகள் பல சேர்ந்தபின், புற்று வேறிடம் பரவாத நிலையில் பத்தில் எழுவர் பிழைக்கின்றனர்.

இதைக் கேட்டதும் பட்டிப்பூ இலையைக் காய்ச்சிக் குடிக்கப் புறப்படுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். ஒரு கிராம் வின்பிளாசுட்டின் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிறிசுட்டினுக்கோ இன்னும் பன்மடங்கு வேண்டும். அதை ஒரு முறைக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாமல், குருதிக் குழாயில் மட்டுமே செலுத்துவர். தண்டுவடத்தில் செலுத்திவிட்டால் உயிர் போகும். அத்தகைய நச்சுப்பொருளைக் கைப்பிடி இலைக் கருக்கில் அளந்து எடுப்பது எவ்வாறு? மஞ்சளின் குர்க்குமினும் ஆய்வகத்தில் எலும்புப் புற்றணுக்களைத் தடுத்ததுண்டு. ஆயின் உண்ட மஞ்சளிலிருந்து அது குருதியில் சேர்வது மிகச் சிறிதே. நோயாளரின் எலும்புப் புற்றை அது தீர்க்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆகவே, மூலிகையை இகழ்வாரும் பிழைபட்டார். மூலிகையே போதும் என்று முழங்குவாரும் பிழைபட்டார். முன்னவர் மருந்தின் வேரை மறந்தனர். பின்னவர் வேருக்கும் மருந்துக்கும் இடையில் உள்ள நெடிய உழைப்பை மறந்தனர். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பட்டிப்பூவைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் மூட்டை மூட்டையாக அயல்நாட்டுக்கு விற்றனர். அதன் ஆற்றலைக் கண்டறிந்த பெருமையோ பிறர்க்கே போயிற்று. இலையை விற்றவன் கூலி பெற்றான். இலையை ஆய்ந்தவன் மருந்து பெற்றான். பழம்பெருமை பேசுவதால் மட்டும் இந்நிலை மாறாது. ஏரிக்கரை உமரியையும் கண்டலையும் மீனவரும் இருளரும் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை அவர்கள் வழங்கும் சொற்களிலேயே பதிவு செய்து, ஆய்வகத்தில் சோதித்து, முடிவைத் தமிழிலேயே வெளியிட வேண்டும்.

அதுவரை குப்பத்துச் சிறுவன் காத்திருத்தல் இயலாது. பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டரே. முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை அங்கே உள்ளது. தணியாத எலும்பு வலிக்கு உடனே படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்னும் ஒரு செய்தியை, எளிய தமிழில் ஒவ்வொரு குப்பத்திற்கும் கொண்டு சேர்ப்பது தமிழ்ப்பற்றுடையார் கடன். தாய்மொழியில் உரிய நேரத்தில் சென்றடையும் அறிவும் உயிர்காக்கும் மருந்தே.