வீட்டுப்பாடத்தின் விடை வீட்டிலேயே இருக்கிறது



கணக்கில் வீட்டுப்பாடம் கொடுத்தால் கணக்குப் போடுகிறீர்கள். அறிவியலில் கொடுத்தால் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறீர்கள். மொழிப்பாடத்தில்? பெரும்பாலும் நோட்ஸைப் பார்த்து எழுதுகிறீர்கள், அல்லது ஒரே செய்யுளைப் பத்து முறை எழுதுகிறீர்கள். மொழியிலும் கணக்குப் போடலாம், சோதனை செய்யலாம் என்றால் நம்புவீர்களா?

மொழியை அறிவியல் முறையில் ஆராயும் துறைக்கு மொழியியல் என்று பெயர். அதில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்குத் தரப்படும் வீட்டுப்பாடம் வேறு வகையானது. சில சொற்களைக் கொடுத்து, அவற்றில் மறைந்திருக்கும் விதியைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். விடை மட்டும் போதாது. அதை எப்படிக் கண்டீர்கள் என்று படிப்படியாக எழுத வேண்டும்.

இதோ, ஒன்றைச் செய்து பாருங்கள். பல், பூ, அப்பா, கப்பல், கம்பு, தம்பி, கோபம். இவற்றை உரக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் பகர எழுத்து இருக்கிறது. ஆனால் ஒலி ஒன்றுதானா? பல், பூ, அப்பா, கப்பல் ஆகியவற்றில் வல்லொலி. கம்பு, தம்பி, கோபம் ஆகியவற்றில் மெல்லிய அதிர்வொலி. காரணம் என்ன? சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் ஒலி வல்லென்று இருக்கிறது. மகர மெய்க்குப் பின்னும், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவிலும் அதிர்கிறது. இடமே ஒலியைத் தீர்மானிப்பதால் நமக்கு ஓர் எழுத்தே போதுமானதாக இருந்திருக்கிறது!

விதி கிடைத்துவிட்டதா? இப்போது ‘பல்பு’ என்று சொல்லுங்கள். சொல்லின் முதலிலேயே அதிர்வொலி! ‘பஸ்’ என்பதும் அப்படியே. இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. விதியை மீறும் சொல், தான் வெளியிலிருந்து வந்த கதையைத் தானே சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதினால் நாற்பது நோட்டிலும் அதே ஏழு சொற்கள்தாம் இருக்கும். ‘பல்பு’ யார் கண்ணிலும் படாது. நண்பர்களோடு கூடிப் பேசுங்கள், வாதாடுங்கள், அது நல்லதே. ஆனால் சொற்களைத் திரட்டுவதும் விடையை எழுதுவதும் உங்கள் சொந்த வேலையாக இருக்கட்டும். தவறான விடையானாலும், காரணம் காட்டி எழுதியவருக்கு ஆசிரியர் மதிப்பெண் தரவேண்டும். காப்பியடித்த சரியான விடையைவிட அது மேலானது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. காதில் விழுந்ததைத் திருத்தாமல் எழுத வேண்டும். உங்கள் பாட்டி ‘வந்தாக’ என்று சொன்னால் ‘வந்தாக’ என்றே குறியுங்கள். ‘வந்தார்கள்’ என்று மாற்றினால், வெப்பமானி காட்டும் அளவை உங்கள் விருப்பத்துக்கு மாற்றி எழுதுவதற்கு ஒப்பாகும். தேர்வுத்தாளில் எழுத்துத் தமிழ் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டில் பேசுவது கொச்சை, வெட்கப்பட வேண்டியது என்று நினைத்துவிட்டால், அதில் உள்ள விதிகளை நாம் தேடவே மாட்டோம்.

அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 1958-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கற்பனைப் பிராணி ஒன்றின் படத்தைக் குழந்தைகளிடம் காட்டி, அதற்கு ‘வக்’ என்று பெயர் சொன்னார். இரண்டு இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் ‘வக்ஸ்’ என்றனர். அதுவரை கேட்டேயிராத சொல்! அப்படியானால் குழந்தைகள் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை. விதிகளையும் தாமே கண்டுகொள்கிறார்கள்.

‘தேர்வுக்குப் படிக்கவே நேரமில்லை, இதற்கு ஏது நேரம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு செய்யுளைப் பத்து முறை எழுதும் நேரத்தில் பத்துச் சொற்களைத் திரட்டி ஒரு விதியைத் தேடிவிடலாம். வாரத்துக்கு ஒரு நாளாவது அந்தப் பத்து முறை எழுதும் வேலைக்குப் பதிலாக இதைக் கொடுக்கும்படி உங்கள் தமிழாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்குமுன் இன்று மாலையே ஒரு சோதனை. வீட்டில் நான்கைந்து வயதுக் குழந்தை இருந்தால், ஏதேனும் ஒரு செடியை வரைந்து ‘இது சிலுபம்’ என்று சொல்லுங்கள். பிறகு ‘எதுக்குத் தண்ணீர் ஊற்றணும்?’ என்று கேளுங்கள். ‘சிலுபத்துக்கு’ என்று பதில் வருகிறதா? நீங்கள் இலக்கண வகுப்பில் படிக்கும் ‘அத்து’ச் சாரியையை அந்தக் குழந்தைக்கு யார் கற்பித்தது? யோசியுங்கள். கேட்டதைக் கேட்டபடியே நோட்டில் எழுதுங்கள்.