பூட்டும் திறவுகோலும்



சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கையில் ஒரு கடிதத்துடன் அறைவீட்டிற்கு வந்தார். விசாரணைக்கென அழைத்துச் செல்லப்பட்ட அவருடைய மகன் உடலெங்கும் காயங்களோடு வீடு திரும்பியிருந்தான். அவன் எப்போது அழைத்துச் செல்லப்பட்டான், எப்போது விடப்பட்டான் என்பதைக் காட்டும் பதிவேட்டின் நகலைத் தாய் கேட்டிருந்தார். வந்த பதில் ஒரே வரி: "பாதுகாப்புக் காரணங்களால் வழங்க இயலாது."

"நான் கேட்டது தப்பா சாமி?" என்றார்.

தவறன்று. ஆயினும், அரசு மறைத்தே ஆக வேண்டியவை சில உண்டென்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். துப்புக் கொடுத்தவரின் பெயர் வெளியானால் அவர் உயிருக்கு யார் பொறுப்பு? ஆகவே பூட்டு தேவைதான். அது எதைக் காக்கிறது என்பதே கேள்வி.

பதிவேடுகளை அறியும் உரிமையைத் தமிழகம் 1997-ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது; ஆனால் அதில் விலக்குகளின் பட்டியல் நீண்டிருந்தது. நாடு முழுமைக்கும் 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டமும், மாநில அரசு தன் உளவு, பாதுகாப்பு அமைப்புகளை விலக்கி வைக்க 24-ஆம் பிரிவில் இடமளிக்கிறது. 2008-இல் தமிழக அரசு லஞ்ச ஒழிப்புத் துறையையும் அவ்வாறு விலக்கியது. எனினும், ஊழல், மனித உரிமை மீறல் ஆகியவை குறித்த தகவலுக்கு இவ்விலக்கு செல்லாதென அதே பிரிவு கூறுகிறது. மனித உரிமை மீறலாயின், மாநிலத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலுடன் 45 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். உளவு அமைப்புகளுக்கே இந்நியதி என்றால், சாதாரண அலுவலகம் எம்மாத்திரம்?

மேலும், மறுப்பவர் காரணத்தையும், மேல்முறையீட்டு அதிகாரி யார் என்பதையும் எழுதியாக வேண்டும். ஒரு தாளில் மறைக்க வேண்டிய பகுதி இருப்பின், அதை நீக்கி எஞ்சியதைத் தரலாம். மறுத்தது நியாயமே என மெய்ப்பிக்கும் கடமையும் மறுத்தவருடையதே, கேட்டவருடையதன்று.

இவற்றை அத்தாய்க்கு விளக்கினேன். மேல்முறையீட்டிற்கு 30 நாள் அவகாசம் உண்டு. அன்று மாலையே அமர்ந்து மனுவை எழுதினோம்; எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து அவரே கையொப்பமிட்டார். பதில் இன்னும் வரவில்லை.

பெற்றோரே, "பாதுகாப்பு" என்னும் சொல்லைக் கண்டதும் கோபமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம். "யாருடைய பாதுகாப்பு?" என்று பணிவோடு, ஆனால் எழுத்தில் கேளுங்கள். அவ்வாறு கேட்க உங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.